போட் என்றால் படகு அல்ல

கிரிமினல் வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவளுக்குப் பூச்சிமருந்து, தீக்காயம், அரிவாள், கிணறு என்ற நான்கையும் சோறு சாப்பிட்டுக்கொண்டே இங்கிலீஷில் அடிக்கத் தெரிய வேண்டும். எழுத்து தப்பினால் வக்கீல் திட்டுவார். அர்த்தம் தப்பினால் யாரும் திட்டமாட்டார்கள். யாரோ ஒருவர் உள்ளே போய்விடுவார், அவ்வளவுதான்.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போலக் கார்பன் மை ஒட்டிய விரலோடு, முன்பின் தெரியாதவர்களின் சாவை மூன்று பிரதி அடித்துப் பிழைத்தவர்கள் இருப்பீர்கள். வீட்டுக்குப் போய்க் கையை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலில் இருந்த மைதான் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது புரியாது. என் வீட்டுக்காரருக்கே கடைசிவரை புரியவில்லை.

என் வீடு ராஜபாளையம். வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிப் பக்கம் ஒரு வக்கீல் வீட்டின் முன்னறையில். அவர் பெயர் வரதன். ஆண்டாள் கோயிலில் பரம்பரைக் கைங்கரியம் உள்ள குடும்பம். எல்லோருக்கும் அவர் ‘சீனியர்’. தமிழில் இருக்கிற வாக்குமூலங்களை அப்பீலுக்காக மெட்ராஸுக்கு இங்கிலீஷில் அனுப்ப வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். எண்பதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் கண் மங்கி நின்றேன். நடுவில் அடித்த லட்சம் வார்த்தைகளில் ஒரே ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நாயின் வாக்குமூலம்

சேர்ந்த முதல் வாரம். வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். புருஷன் கிணற்றில் மிதந்தான். தவறி விழுந்தான் என்று ஃபைலை மூடப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. அவள் போலீசில் கொடுத்ததாக இருந்த வாக்குமூலத்தில் ஒரு வரி: ‘சம்பவத்துக்கு முந்தின நாள் எங்கள் நாய் ஊளையிட்டது, ஏதோ கெட்டது நடக்கும் என்று தோன்றியது.’ சீனியர் அதை ‘போடட் இல்’ என்று முடித்தார். நான் படகு என்று நினைத்து பி, ஓ, ஏ, டி என்று அடித்துவிட்டேன். நாய் படகில் போய்விட்டது.

சீனியர் திட்டவில்லை. காகிதத்தை உருவச் சொல்லிவிட்டுப் பாடம் நடத்தினார். “பி, ஓ, டி, ஈ. போட். படகு இல்லேம்மா. முன்கூட்டிச் சொல்றது. ரொம்பப் பழைய வார்த்தை. ஆதியிலே தூதன்னு அர்த்தம், சேதி கொண்டுவரவன். அப்புறம் நடக்கப்போறதைச் சொல்றதுன்னு ஆச்சு. அந்தக் காலத்திலே மனுஷன் போட் பண்ணுவான், அதாவது ஆரூடம் சொல்லுவான். இப்போ மனுஷனுக்கு அந்த வார்த்தை இல்லை. நாயோ மேகமோ மௌனமோதான் போட் பண்ணும். பின்னாலே நல்லதா கெட்டதான்னு ஒரு சொல் வரணும், யாருக்குன்னும் வரணும்.” எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. அடித்து முடித்ததைச் சீனியர் அந்தப் பெண்ணுக்குத் தமிழில் படித்துக் காட்டினார். பெஞ்சில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “ஏம்மா, நாய் சொன்னதெல்லாம் எழுதியிருக்காக. கொழுந்தன் கொன்னு போட்ருவேன்னு சொல்லுதான்னு நான் போய் ஸ்டேஷன் வாசல்ல அழுதேனே, அது எங்கம்மா இருக்கு?”

மெஷினுக்கு ஜோசியம் பார்த்தவர்

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் கோதண்டம் என்று ஒருவர் இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பஞ்சு மில்லில் வேலை. ஒருநாள் மெஷின் அவர் வலது கையை மணிக்கட்டு வரை எடுத்துக்கொண்டது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். மில்காரர்களுக்கு வக்கீல் எங்கள் சீனியர். எந்தப் பக்கம் அடிக்கிறோம் என்பது டைப்பிஸ்ட் கையில் இல்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பதில் மனுவில் சீனியர் அந்தப் பழைய வார்த்தையைப் பழைய அர்த்தத்திலேயே போட்டார். அன்று காலை ‘இன்னைக்கு இந்த மெஷின் ஆளை வாங்கப் போகுது’ என்று கோதண்டம் எல்லோர் முன்னாலும் சொன்னாராம். ஆகவே மனுதாரர் விபத்தைத் தாமே முன்கூட்டி உரைத்தார். உரைத்துவிட்டு அதே மெஷினில் கை வைத்தார். தெரிந்தே வைத்த கைக்கு மில் எப்படிப் பொறுப்பு? வாதம் வழுவழுவென்று இருந்தது.

இரண்டு நாள் கழித்து, அவருக்குக் கிடைத்த நகலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான்தான் அடித்தேன் என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்டார். தமிழில் சொன்னேன். கடைசியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதே மில்லின் கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். வலது கை இல்லாததால் இடது கையால் சலாம் வைத்துக்கொண்டு பல வருஷம் நின்றார். ஆனால் அன்று என் வீட்டு வாசலில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “நான் ஜோசியம் சொல்லலம்மா, மெஷின் சரியில்லன்னு மேஸ்திரிகிட்டச் சொன்னேன்.”

திருத்திய மனு

ஆபீஸில் கண்ணன் என்று ஒரு ஜூனியர் வந்து சேர்ந்தான். நல்ல பையன். இங்கிலீஷ் மட்டும் அவனுக்கு எட்டிக்காய். ராஜபாளையத்தில் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்த ஒரு தச்சர் அவனிடம் வந்தார். பக்கத்துச் சுவர் மேலிருந்து கீழ்வரை விரிந்துவிட்டது, வீட்டுக்காரர் கை வைக்க மாட்டேன் என்கிறார், கோர்ட்டில் அவசரமாக ஓர் உத்தரவு வாங்கித் தர வேண்டும். ஐப்பசி மழை பிடிக்கிற நேரம். கண்ணன் ராத்திரியோடு ராத்திரியாக மனு எழுதிக்கொண்டு வந்தான். சீனியரிடம் கற்ற வார்த்தையை ஆசையாக அதில் சேர்த்திருந்தான். சுவர் குடியிருப்பவர்களை போட் பண்ணுகிறது என்று.

சீனியர் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “கெட்டதுங்கிற சொல்லைக் காணோம், யாருக்குங்கிறதையும் காணோம். சுவர் என்ன ஆரூடமா சொல்றது? திருத்தி நன்னா அடிச்சு நாளைக்குப் போடலாம்.” மறுநாள் கோர்ட் லீவு என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் விடியும்போது மழை. சுவர் விழுந்தது. தச்சரின் மனைவி அடுப்படியில் இருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து அவர் ஆபீசுக்கு வந்தார். கேஸ் கட்டை அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறார் என்று நினைத்தோம். கண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டான். சீனியர் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. நின்றபடியே கேட்டார்: “இங்கிலீஷ் சரியாயிருச்சாங்க ஐயா?”

வெள்ளிக்கிழமை வாக்கு

இந்த வார்த்தையால் வந்த பெரிய வழக்கு முத்துப்பேச்சியுடையது. கான்சாபுரத்தைத் தாண்டி மலையடியில் அவள் ஊர். வாரம் முழுக்கக் களையெடுப்பு, நாற்று நடவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் சின்னப் பேச்சியம்மன் பீடத்தின் முன்னால் சாமி வந்து வாக்குச் சொல்வாள். நாற்பது வயசு இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை.

அதே ஊரில் சங்கரபாண்டி என்று ஒருவன். அண்ணன்மார் இருவரோடு பூர்வீகத் தோப்பில் தகராறு. ஒரு வெள்ளிக்கிழமை அவனைக் கூட்டத்தில் பார்த்து முத்துப்பேச்சி, “ஏலே, நீ ஆடி அமாவாசை தாண்ட மாட்ட, ஊரை விட்டு ஓடிரு” என்று சொன்னாள். ஊரே கேட்டது. அமாவாசைக்கு முன்னாலேயே அவன் செத்துக் கிடந்தான். குடித்ததில் பூச்சிமருந்து. அண்ணன்மார் முதல் இரண்டு எதிரிகள். கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயர் எதிரி. மூன்றாம் எதிரி முத்துப்பேச்சி. அவர்களோடு கூடிப் பேசாமல் இவளுக்கு எப்படித் தெரியும் என்பது போலீசின் கேள்வி. ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் அவள் மதுரை ஜெயிலில் இருந்தாள். அண்ணன்மார் வெளியே இருந்தார்கள். அவளுக்கு வக்கீல் வைக்க வழியில்லாததால் கோர்ட்டே சீனியரை நியமித்தது.

வாய்தாவுக்கு அவளைக் கூட்டி வருவார்கள். சீனியர் உள்ளே வேறு வழக்கில் நின்றுகொண்டிருந்தால், கோர்ட் வராண்டாவில் நான் அவளிடம் பேசிக் குறித்துக்கொள்வேன். பெண் போலீஸ் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பாள். “சாமி வரும்போது உங்களுக்கு என்ன தெரியும்? வெளிச்சம் மாதிரியா, குரல் மாதிரியா?” என்று கேட்டேன். சீனியர் கேட்டுவரச் சொன்ன கேள்வி அது. அவள் பெண் போலீஸைப் பார்த்தாள். கடலை உரிக்கிற சத்தத்துக்குள் குனிந்து சொன்னாள்: “சாமிக்கு ஒண்ணுந் தெரியாது தாயி. களையெடுக்கையில அவன் பொண்டாட்டிதான் அழுதுக்கிட்டே எங்கிட்டச் சொன்னா.”

பரிகாரம்

அப்புறம் அவள் சொன்னதை நான் எந்தக் காகிதத்திலும் குறிக்கவில்லை. குறிக்காதே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சங்கரபாண்டியின் மனைவி மாரியம்மாள், புருஷனின் அண்ணன்மார் பேசிக்கொண்டதை மாட்டுத்தொழுவத்தில் நின்று கேட்டிருக்கிறாள். புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். ‘கூடப் பிறந்தவங்களுக்குள்ள மூட்டி விடுதியா’ என்று அவன் அடித்து மிதித்திருக்கிறான். பொண்டாட்டி சொன்னால் கேட்காதவன் சாமி சொன்னால் கேட்பான் என்று முத்துப்பேச்சியிடம் வந்து அழுதிருக்கிறாள். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை அப்படி ஒரு வாக்கு வந்தது.

அவன் கேட்கத்தான் செய்தான். நடுங்கிப்போனான். ஆனால் ஊரைவிட்டு ஓடவில்லை. சாமியே நாள் குறித்த பிறகு எங்கே ஓடித் தப்ப என்று நினைத்தானாம். யாரிடம் போய் ஆறுதல் தேடினான் தெரியுமா? அண்ணன்மாரிடம். ‘பயப்படாத தம்பி, அய்யனார் கோவிலுக்குப் போய் ஒரு கிடா வெட்டிப் பரிகாரம் பண்ணிருவோம்’ என்று அவர்களே கூட்டிக்கொண்டு போனார்கள். கோவில் போய்ச் சேரவில்லை. வழியில் ஒரு தோப்பில் சமையல் ஏற்பாடு, கூடவே குடி. முன்னாலேயே போட்ட திட்டத்துக்கு இடம், நாள், காரணம் மூன்றையும் அந்த வாக்கே எடுத்துக் கொடுத்துவிட்டது. ஜெயிலுக்குத் திரும்புகிற பஸ் வந்து நின்றதும் பெண் போலீஸ் கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். முத்துப்பேச்சி எழுந்திருக்கும்போது சொன்னாள்: “நான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா அவன் பயந்திருக்க மாட்டான். பயப்படாதவன் அவிய கூடப் போயிருக்க மாட்டான்ல தாயி?”

தூதுக்காரி

சீனியரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு முற்றத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தார்.

“உண்மையைச் சொன்னா என்ன ஆகும், யோசி. கொலை நடக்கப்போறது தெரிஞ்சும் போலீசுக்குப் போகலைன்னு ஆகும். யார் சொன்னான்னு கேட்பா. மாரியம்மாள் பேர் வெளியே வரும். அவ அந்த வீட்டிலேயே குழந்தைகளோட இருக்கா, அந்த அண்ணன்மார் ஜாமீன்லே அதே வீட்டிலே இருக்கா. சாமி சொல்லித்துன்னு நின்னா ஒண்ணும் இல்லை. எனக்கு அந்த ஒரு வார்த்தை போறும். போட். ஆரூடம் சொன்னவ மிரட்டினவ இல்லை, திட்டம் போட்டவ இல்லை. சேதி கொண்டுவந்தவ. தூதுக்காரியை எந்த ராஜாவும் தண்டிக்கப்படாது.” அன்றைக்கே வாதக் குறிப்பை அடிக்கச் சொன்னார். அகராதியைத் திறந்து, பழைய அர்த்தத்தைக் காட்டி, அருமையாக எழுதினார். அவர் எழுதியதில் அதுதான் நன்றாக இருந்தது என்று இப்போதும் சொல்வேன்.

விசாரணைக்கு முந்தின வாய்தாவில் முத்துப்பேச்சியிடம் விளக்கினார். நீதிபதி என்ன கேட்டாலும் சாமி வந்து சொல்லிச்சு, எனக்கு நினைவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். எல்லாம் புரிந்ததா என்று சீனியர் கேட்டார். அவள் சொன்னாள்: “புரியுது ஐயா. நான் பைத்தியம்னு சொன்னா வெளிய விட்டுருவாக. அதான?”

கூண்டில் சாமி வரவில்லை

மாரியம்மாளைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் தெரியாது, புருஷனும் அண்ணன்மாரும் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். தோப்புத் தகராறு உண்டு என்று போலீசில் முதலில் சொன்னதை மாற்றியதால் அவளைப் பிறழ் சாட்சி என்று எழுதினார்கள். அண்ணன்மார் உட்கார்ந்திருந்த பக்கம் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சின்னக் குழந்தை இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சாட்சிகளெல்லாம் முடிந்த பிறகு நீதிபதி ஒவ்வோர் எதிரியையும் நேராகக் கேட்பார். முதல் இருவரும் பொய் வழக்கு என்றார்கள். முத்துப்பேச்சியிடம், “சங்கரபாண்டி அமாவாசை தாண்டமாட்டான் என்று நீ சொன்னதாகச் சாட்சிகள் சொல்கிறார்கள். அதைப் பற்றி என்ன சொல்கிறாய்?” என்று கேட்டார். சீனியர் மேசையில் விரலால் மெல்லத் தட்டினார். சாமி, சாமி என்று ஞாபகப்படுத்துகிற மாதிரி. முத்துப்பேச்சி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “சாமி சொல்லல ஐயா, நான்தான் சொன்னேன். கொல்லப் போறாகன்னு எனக்குத் தெரியும்” என்றாள். சீனியரின் விரல் நின்றுவிட்டது. யார் சொல்லித் தெரியும் என்று நீதிபதி கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தரம் கேட்டார். திறக்கவில்லை. ஆனால் அண்ணன்மார் இருவரும் மெதுவாகத் திரும்பி, கடைசி வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த மாரியம்மாளைப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் சீனியர் முத்துப்பேச்சியிடம் சத்தம் போட்டார். அவர் கட்சிக்காரரிடம் சத்தம் போட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். அவள் சொன்னாள்: “சாமி பேருல ஒருக்கச் சொன்னேன், அவன் செத்துப்போனான். மறுபடியும் சாமி பேருல சொல்ல எனக்கு நாக்கு வரல ஐயா.”

ஒரே பஸ்

தீர்ப்பில் மூன்று பேருக்கும் விடுதலை. விஷம் கலந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை, மாரியம்மாள் சொல்லவில்லை, முத்துப்பேச்சி கூண்டில் சொன்னதை மற்றவர்களுக்கு எதிரான சாட்சியமாக எடுக்க முடியாது. அவளைப் பொறுத்தவரை, வரப்போவதை அவள் உரைத்தாளே தவிர வரவழைக்கவில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். அதற்குச் சீனியரின் வார்த்தையையே போட்டிருந்தார். கண்ணன் அந்த வரியை என்னிடம் காட்டிச் சந்தோஷப்பட்டான். அண்ணன்மாருக்கு வாசலில் மாலை போட்டார்கள்.

மறுநாள் ஜெயிலிலிருந்து வந்த முத்துப்பேச்சி நேரே எங்கள் ஆபீசுக்கு வந்தாள். அங்கே மாரியம்மாள் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தாள், இரண்டு குழந்தைகளோடும் ஒரு துணி மூட்டையோடும். முகத்தில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. முத்துப்பேச்சியைக் கண்டதும் எழுந்து, “சாமின்னே சொல்லியிருக்கலாம்லக்கா, இப்ப நான்தான்னு அவியளுக்குத் தெரிஞ்சுபோச்சே” என்றாள். முத்துப்பேச்சி மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். பெரிய குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மாரியம்மாள் பின்னாலேயே போனாள்.

அன்று சாயங்காலம் ராஜபாளையம் பஸ்ஸில் நாங்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் போனோம். எங்கள் தெருக் கோதண்டத்திடம் சொன்னதில், மில்லில் கழிவுப் பஞ்சு பொறுக்குகிற இடத்தில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. ஒரே அறையில் குடியிருந்தார்கள். தோப்பு அண்ணன்மாரிடமே போயிற்று. அந்தப் பேச்சியம்மன் பீடத்துக்கு இப்போது யார் விளக்கு வைக்கிறார்கள் என்று ஒருநாள் முத்துப்பேச்சியைக் கேட்டேன். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. சொன்னாள்: “வெள்ளிக்கிழமையும் எனக்கு ஷிப்டு உண்டு தாயி.”

தேருக்கு வந்தவள்

சீனியருக்கு ஒரே மகள், கோதை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பாவாடை சட்டையில் என் டைப்ரைட்டர் மணியை அடித்து விளையாடியவள். தொண்ணூறுகளின் நடுவில் திருச்சியில் கட்டிக்கொடுத்தார்கள். ஆடிப்பூரத் தேருக்கு வந்தாள். ஆடி வெக்கையில் முழங்கை தாண்டிய ரவிக்கை போட்டிருந்தாள். தேர் நிலைக்கு வந்த மறுநாள் அவளைத் திரும்ப அனுப்ப பஸ் டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்கள்.

அன்று காலையில் சீனியர் ஏதோ அப்பீலைச் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டிருந்தேன். கோதை உள்கட்டிலிருந்து வந்து கட்சிக்காரர்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தாள். “அப்பா, இந்தத் தடவை போனா அடுத்த தேருக்கு நான் வரமாட்டேன்” என்றாள். உள்ளேயிருந்து அவள் அம்மா, எங்களுக்கு மாமி, “நல்ல நாளும் அதுவுமா வாயிலே நல்ல வார்த்தையே வராதா உனக்கு? அபசகுனமாப் பேசாதே” என்று கத்தினார். சீனியர் விட்ட இடத்திலிருந்து அடுத்த வரியைச் சொன்னார். நான் அடிக்கவில்லை. என் கை விசைகள் மேலேயே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கோதை ஒரு கை ரவிக்கையை மேலே சுருட்டினாள். முழங்கைக்கு மேலே சதை உருகி இறுகியிருந்தது.

“ஸ்டெல்லா, மெஷினை மூடு” என்றார் சீனியர். “கையாலே எழுது. தமிழ்லே. அவ சொல்றதை அவ சொல்றபடியே. ஒரு வார்த்தையும் நான் மாத்த மாட்டேன்.” டிக்கெட்டைக் கண்ணனிடம் கொடுத்து, திரும்பக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். மாமி உள்ளே அழ ஆரம்பித்தார். கோதை திருச்சிக்குப் போகவில்லை. அதன் பிறகு தெருவில் வாய் ஓயவில்லை. சொந்தக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். கோயிலில் மாமியிடம் முகம் திருப்பினார்கள். கோதையின் கை நேராக நீளவே இல்லை. ஆனால் அடுத்த தேருக்கும் அதற்கடுத்த தேருக்கும் அவள் இருந்தாள். அன்று நான் எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டியபோது, பேனாவை வாங்கிக்கொண்டு அவள் அப்பாவைக் கேட்டாள்: “இந்தப் பெஞ்சிலே வந்து உக்காந்தாத்தான் உனக்குக் காது கேக்குமாப்பா?”

இத்தனை வருஷ டைப்பில் நான் கற்ற இங்கிலீஷ் இவ்வளவுதான்: நடந்த பிறகு வந்து சொல்கிறவர்களை ஸ்டாம்ப் ஒட்டி உட்காரவைத்துக் கேட்போம், நடக்கும் முன்னே வந்து சொல்கிறவர்களை அபசகுனமாகப் பேசாதே என்று அனுப்பிவிடுவோம்.